கேரவன் பெட்டிக்குள்ள சாமான் அடுக்குறது எப்படி? அம்பது கிலோமீட்டர்ல எல்லாம் தலைகீழ்

செங்கோட்டை தபாலம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கேள்விக்கு முன்னால என்னைப் பத்தி ரெண்டு வரி. தபால் ஆபீஸ்ல 31 வருஷம் இருந்தேன், அதுல பாதிக்கு மேல சார்ட்டிங். எந்தக் கடுதாசி எந்தக் கட்டத்துக்குப் போகணும்னு பேச்சு கொடுத்துக்கிட்டே போட்டுருவேன். அப்பேர்ப்பட்டவ போன மாசம் புனலூர்ல ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடிச்சு ஒரு தோசைக்கரண்டியைத் தேடி, கிடைக்காம, சோத்துக்கரண்டியை வச்சு தோசையைக் கிண்டிப் போட்டேன். அதான் இந்தக் கேள்வி.

வண்டி விவரம்: ஜீப்புக்குப் பின்னால கொக்கி போட்டு இழுக்கிற கேரவன் பெட்டி. பெட்டி 12 அடி நீளம், ஆறரை அடி அகலம். முன்னால கொக்கி வரைக்கும் இரும்பு மூக்கு இன்னொரு 4 அடி. ஒரே அச்சு, பெட்டிக்கு நட்ட நடுவுல. பின்பக்கக் கதவைத் தூக்கினா அடுப்படி, உள்ள ரெண்டு பேர் படுக்கிற மேடை, மேடைக்கு அடியில பெட்டி பெட்டியா இடம், சுவத்துல மேல் அலமாரி. வெறும் வண்டி 520 கிலோ, கொக்கியில 55 கிலோ இறங்கும்னு செஞ்சு கொடுத்த பட்டறையில எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆர்.டி.ஓ. பேப்பரெல்லாம் இவர் முடிச்சுட்டார், அதைப் பத்தி யாரும் கேக்க வேண்டாம், அது ஒரு தனி ராமாயணம்.

வெள்ளோட்டத்துக்குப் புனலூர் போனோம். என் நாத்தனார் வீட்டு ரப்பர் தோட்டத்துல நாலு நாள் நிறுத்துறதா ஏற்பாடு. புளியரை தாண்டி எஸ் வளைவுல ஏறும்போதே உள்ள இருந்து சத்தம். கல்யாண வீட்டுல பந்திக்கு அப்புறம் எவர்சில்வரை அள்ளிப் போடுவாங்கல்ல, அந்தச் சத்தம். ஆரியங்காவுல நிறுத்தித் திறந்து பாத்தா மேல் அலமாரிக் கதவு ரெண்டும் ஆவென்னு திறந்து கிடக்கு. அரிசி டப்பா மூடி கழண்டு பச்சரிசி தரையெல்லாம். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உடைஞ்சு, எண்ணெய் மெத்தையில. எங்க அம்மா கைப்பக்குவம், மூணு வருஷத்து ஊறுகாய். அழுகையே வந்துச்சு.

இத்தனைக்கும் நான் ஒண்ணும் அலங்கோலமா வைக்கல. வீட்டுல எப்படி அடுக்குவேனோ அப்படித்தான் அடுக்கினேன். சின்ன வயசுல மீட்டர் கேஜ் ரயில்ல கொல்லம் போகும்போது அம்மா ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, ஒரு தூக்குச்சட்டி, அவ்வளவுதான் எடுப்பா. பதிமூணு கண் பாலத்துல ரயில் நின்னா பெட்டியைத் திறக்காமலே கையை விட்டு முறுக்கை எடுத்துத் தருவா. எனக்கு இவ்வளவு அலமாரி இருந்தும் ஒண்ணும் கைக்கு வரல.

மூணாவது பிரச்சினை ஈரம். ரெண்டு நாள் மழை. நாலாம் நாள் மேடைக்கு அடியில வச்ச போர்வையை எடுத்தா பூசணம் பூத்திருக்கு, ஒரு மாதிரி நாத்தம். ஆவணியில ஓணத்துக்கு ஆலப்புழை, கொச்சி, பாலக்காடுன்னு 12 நாள் போகணும்னு இவர் திட்டம் போட்டு வச்சிருக்கார். இப்படியே போனா நான் வரல.

உடையாம எப்படி அடுக்குறது, தேடாம எப்படி எடுக்கிறது, நனையாம எப்படி வைக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, தென்மலை தாண்டி நேர் ரோட்டுல ஒரு பஸ் எங்களை முந்திப் போச்சு. அப்போ பெட்டி லேசா வாலை ஆட்டுச்சு. நாலஞ்சு தடவை இப்படியும் அப்படியும் போய் அடங்குச்சு. பஸ் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்னு இவர் சொல்றார். சரிதானே?

பழைய லாரிக்காரன்:

தங்கச்சி, ஊறுகாய் பாட்டிலை அப்புறம் பாத்துக்கிடலாம். போற போக்குல கடைசியா சொன்னீங்களே, வால் ஆட்டுச்சுன்னு, அது சரியில்ல. அதைத்தான் முதல்ல பேசணும்.

நான் 27 வருஷம் லாரி ஓட்டினவன். பாவூர்சத்திரம் காய்கறி, புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் சாலை மார்க்கெட். சீசன்ல வைக்கோல் லோடு. நீங்க சொல்ற ரோட்டுல எந்தக் கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த விஷயத்தை நான் லாரியில படிக்கல, எங்க தாத்தாகிட்டப் படிச்சது. அவர் ஆரியங்காவுக் கணவாய் வழியா மாட்டு வண்டியில நெல்லும் வத்தலும் கொண்டுபோய் மேற்கே இறக்கினவர். அப்போ செங்கோட்டையே திருவிதாங்கூரோட இருந்துச்சு, 1956 நவம்பர்லதான் இந்தப் பக்கம் சேர்ந்துச்சு.

மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம்னு ரெண்டு உண்டு. மூட்டையை முன்னால ஏத்தினா நுகத்தடி மாட்டுக் கழுத்துல அமுங்கும். அளவா அமுங்குனா மாடு நிதானமா நடக்கும், ஜாஸ்தியானா கழுத்து புண்ணாகும். பின்னால ஏத்துனா நுகத்தடி மேல எழும்பி பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும், வண்டி அலையும். மேட்டுல ஏறும்போது பாரம் பின்னால சாயும்னு தாத்தா ஏர்க்கால் பக்கமா நகந்து உக்காருவார். இறக்கத்துல பின்னால நகந்துக்கிடுவார். அவரோட உடம்புதான் எடைக்கல்லு.

உங்க கேரவனும் ரெண்டு சக்கர வண்டிதான். மாட்டுக்குப் பதில் ஜீப்பு, நுகத்தடிக்குப் பதில் கொக்கி. வால் ஆட்டுதுன்னா அனேகமா பின்பாரம். அடுப்படி பின்னால இருக்குன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். பின்னால என்னென்ன ஏத்தினீங்க, எடை எவ்வளவு? ஒண்ணு விடாம சொல்லுங்க.

செங்கோட்டை தபாலம்மா:

அண்ணாச்சி, நீங்க கேட்டதும் இவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு எழுதினேன். பின்னால 20 லிட்டர் தண்ணி கேன் மூணு. அடுப்பு, 5 கிலோ கேஸ் சிலிண்டர், குக்கர், தோசைக்கல், அரிசி பருப்பு எல்லாம் சேர்ந்து ஒரு 40 கிலோ இருக்கும். அப்புறம் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் புதுசு வாங்கினோம், பழசு நல்லாத்தான இருக்குன்னு அந்த 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் கேரவன்ல வச்சுட்டார். ரெண்டு பேர் பிடிச்சுத்தான் தூக்கினாங்க. முன்பக்கம் துணிமணி, மெத்தை, போர்வை, மடக்கு நாற்காலி, இதுல ஒரு 60 கிலோ.

இதைச் சொல்லும்போதே இவர் மூஞ்சி மாறிப் போச்சு.

பழைய லாரிக்காரன்:

மாறாம என்ன செய்யும். அந்த பேட்டரி ஆசிட்டோட ஒரு 55 கிலோ இருக்கும். கணக்கைப் பாருங்க, அஞ்சாம் வகுப்புக் கணக்குதான்.

பெட்டி 12 அடி, அச்சு நடுவுல. அச்சுல இருந்து கொக்கி 6 அடியும் 4 அடியும் சேர்த்து 10 அடி. பின் அடுப்படி அச்சுக்கு ஒரு 5 அடி பின்னால. அங்க வைக்கிற எடையில பாதி கொக்கியைத் தூக்கும். தண்ணி 60, பேட்டரி 55, அடுப்படிச் சாமான் 40, மொத்தம் 155. பாதின்னா 77 கிலோ கொக்கியைத் தூக்குது. துணிமணி 60 கிலோ அச்சுக்கு 4 அடி முன்னால இருந்தா 24 கிலோ கொக்கியை அமுக்குது. பட்டறைக்காரர் கொடுத்த 55-ல 77-ஐக் கழிச்சு 24-ஐக் கூட்டுங்க.

ரெண்டு கிலோ. 735 கிலோ வண்டி, கொக்கியில ரெண்டே கிலோ. மலைமேல ஒரு கல்லுல ஜீப்பு குதிச்சிருந்தா அந்த ரெண்டும் இருந்திருக்காது. பஸ் காத்து மேல பழி போட வேண்டாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

மொத்த எடையில பத்துல ஒரு பங்கு கொக்கியில இறங்கணும், கொஞ்சம் கூடினாலும் மோசமில்ல. செய்ய வேண்டியது ரெண்டே வேலை. பேட்டரியை முன்னால, அச்சுக்கு 4 அடி முன்ன தரையோட சேர்த்து போல்ட்டு போட்டு இறுக்குங்க. அது ஒண்ணுலயே அம்பது கிலோ கொக்கிக்குத் திரும்பும். தண்ணி ஒரு கேன் போதும், அதையும் அச்சுக்கு நேர் மேல தரையில வைங்க. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோங்க. கேரளாவுல தண்ணிக்கா பஞ்சம், எதுக்கு 60 கிலோவைக் கணவாய் ஏத்தணும்? போய் இறங்கின இடத்துல பிடிச்சுக்கிடுங்க. எல்லாம் செஞ்சா கணக்குப்படி கொக்கியில 82, மொத்தம் 695. அளவா இருக்கு. கொக்கி எவ்வளவு தாங்கும்னு அதுமேலயே அடிச்சிருக்கும், அதையும் ஒரு தடவை பாத்துக்கிடுங்க.

கணக்கை நம்பாதீங்க, நிறுத்துப் பாருங்க. அரிசிக்கடையில எலக்ட்ரானிக் தராசு இருக்கும்ல, மேல ஏறி நிக்கிற மாதிரி, அதை ஒரு நாள் கேளுங்க. சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, ஜீப்பைக் கழட்டி, ஒரு கட்டையை நட்டமா வச்சு அதுமேல கொக்கியை இறக்குங்க. ஜீப்புல மாட்டும்போது என்ன உயரமோ அதே உயரத்துல கட்டை இருக்கணும், மூக்கு தூக்கிக்கிட்டு இருந்தா எடை தப்பாக் காட்டும்.

மறுபடி ஆடினா வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பக் கூடாது, பிரேக்கை அழுத்தவும் கூடாது, மிதிச்சு முந்திரலாம்னு நினைக்கவும் கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். வேகம் குறைஞ்சா தானா அடங்கும். ஆரியங்காவுல இருந்து இறங்கும்போது முதல்லயே கியரைக் குறைச்சுக்கிடணும், வேகம் பிடிச்ச பிறகு குறைக்கிறது இல்ல.

இனி அடுக்குறது. லாரியில இடம் விட்டாத்தான் சரக்கு ஆடும். தக்காளிப் பெட்டியை நெருக்கி அடுக்கினா எஸ் வளைவுல ஒரு தக்காளி நசுங்காது. ஒரு சாண் இடம் விட்டுப் பாருங்க, ரசம்தான். உங்க மேடைக்கு அடியில இருக்கிற பெட்டியில சாமான் வச்சு மிச்சம் இருக்கிற சந்துல துணியைத் திணிங்க. துண்டு, பெட்சீட், சாக்கு, எதுவும். கனமானது தரையில, அச்சுக்குப் பக்கத்துல. மேல் அலமாரியில துணி, பேப்பர், சிப்ஸ் பாக்கெட், அவ்வளவுதான். அரிசி டப்பாவை மேல வைக்கிற பழக்கம் வீட்டோட இருக்கட்டும்.

கிளம்பிப் பத்து கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. லோடு அமுங்கித் தளரும், கயிறு தொங்கும். அதுக்குத்தான் லாரிக்காரன் பிரானூர் பார்டர்ல நிக்கிறது. புரோட்டா சாப்பிட மட்டும்னு ஜனம் நினைக்குது.

ரைடர் தென்காசி:

அண்ணாச்சி சொன்னதுதான் வெளிநாட்டு கேரவன்காரங்களும் சொல்றாங்க. அமெரிக்காவுல கொக்கியில மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் இருக்கணும்பாங்க. சாமானை 60 பங்கு அச்சுக்கு முன்னால, 40 பங்கு பின்னால வைன்னு ஒரு கணக்கு. ஐரோப்பாவுல 750 கிலோவைத் தாண்டினா டிரெயிலருக்குன்னு தனி பிரேக் இருக்கணும். அம்மா, நீங்க 735-ல இருந்தீங்க. உங்க பெட்டிக்குத் தனி பிரேக் இல்லைன்னா ஜீப்போட பிரேக்தான் எல்லாத்தையும் பிடிச்சிருக்கு. இன்னொரு மூட்டை ஏத்தாதீங்க.

மேல் அலமாரிக்குக் காந்தத் தாழ்ப்பாள் போட்டிருப்பாங்க, அது ரோட்டுக்கு ஆகாது. அமுக்கினா வெளிய வர்ற பித்தான் பூட்டு கிடைக்கும், அதைப் போடுங்க. அதுவரைக்கும் ரெண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரு ரப்பர் கொக்கிக் கயிறு.

கொல்லங்கோடு தட்டுக்கடை:

அக்கா, வணக்கமுங்க. பேட்டரி, பாரமெல்லாம் அண்ணன் சொல்லிட்டாரு, அடுப்படியை நான் சொல்றேன். எங்களுக்குக் கேரவன் எல்லாம் இல்லைங்க, ஒரு மினி வேன். நெம்மாறை வேலா திருவிழா, கல்பாத்தித் தேர், எங்க கூட்டம் கூடுதோ அங்க இட்லி தோசை போடுவோம். வேனுக்குள்ள ரெண்டு நாள், மூணு நாள் குடித்தனம். பதினோரு வருசமாச்சு.

முதல்ல கேஸ். அதைத்தான் எல்லாரும் கடைசியாச் சொல்லுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. வண்டி ஓடும்போது சிலிண்டர் நட்டமா நிக்கணும், படுக்கப் போடவே கூடாது. ரெகுலேட்டரைக் கழட்டி மூடியை மாட்டி, சுவத்தோட பெல்ட்டு போட்டுக் கட்டிருங்க. கசிஞ்சா கேஸ் மேல போகாதுங்க, காத்தை விடக் கனம், தரையில படுத்துக்கும். அதனால சிலிண்டர் இருக்கிற அறைக்குத் தரையோட சேர்த்து வெளிப்பக்கமா ஓட்டை இருக்கணும். எங்க வேனுக்கு மேல சன்னல் வச்சுட்டுக் கீழ அடைச்சுக் கொடுத்தாங்க, நாங்கதான் துளை போட்டோம். படுக்கிற எடத்துல சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் எதுக்குங்க்கா? ஊறுகாய்க்குத்தான் வேணும்னா ஒண்ணே ஒண்ணு, பழைய காலுறைக்குள்ள விட்டுக் குக்கருக்குள்ள வச்சு மூடிருங்க. நான் சட்னிப் பொடி பாட்டிலை அப்படித்தான் கொண்டு போறேன். குக்கர் எப்படியும் எடத்தை அடைக்குது, வெறுமனே எதுக்குக் கொண்டு போறது? தட்டுக்கு நடுவுல பழைய பேப்பர், டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, நடுவுல துணி. சத்தம் வராட்டி உடையாது. டப்பாவுக்கு வட்ட மூடி வேண்டாம், நாலு பக்கமும் கிளிப் போட்டு அமுக்குற சதுர டப்பா வாங்குங்க. சதுரம்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், உருளாது. தோசைக்கல்லை மட்டும் எது மேலயும் சாய்ச்சு வைக்காதீங்க, அது போற எடத்துல எல்லாத்தையும் இடிக்கும். மாவுச் சாக்குல சுத்தித் தரையில படுக்கப் போடுங்க.

பூசணத்துக்கு மருந்து காத்துதாங்க, வேற எதுவும் வேலைக்கு ஆகாது. மெத்தைக்கு அடியில பலகை முழுப்பலகையா இருந்தா நாம மூச்சு விடுற ஈரமெல்லாம் கீழ தங்கிரும். பலகையில துளை போடுங்க, இல்லைன்னா சட்டம் சட்டமா மாத்திருங்க. காலையில எந்திரிச்சதும் மெத்தையை ஓரமா நிறுத்தி வைக்கணும். கல் உப்பை வச்சுப் பாருங்கன்னு யாராவது சொல்லுவாங்க. வைக்காதீங்க. மழை நாள்ல உப்பு தண்ணியா உருகித் தகரத்தைத் தின்னுடும், எங்க வேன் தரையைத் தின்னது அதுதான். அடுப்புக் கரியைத் துணியில கட்டிப் போட்டா நாத்தம் எடுக்கும், ஆனா ஈரத்தை நிறைய எடுக்காது. ஈரத்துணிக்குத் தனி வாளி, மூடி போட்டு, வெளியே. உள்ள கொடி கட்டித் துணி காயப் போட்டா அத்தனை தண்ணியும் உங்க போர்வையிலதான் போய் உக்காரும்.

செங்கோட்டை தபாலம்மா:

கொல்லங்கோட்டு அம்மா, உள்ளதான் கொடி கட்டியிருந்தேன். ரெண்டு பேரோட ஈரத்துணி. சொல்லவே வெக்கமா இருக்கு.

வழிப்போக்கன் 64:

லாட்ஜ்ல ரூம் எடுத்தா முடிஞ்சு போற விஷயத்துக்கு இத்தனை பாடா? வயசான காலத்துல இது தேவையா?

செங்கோட்டை தபாலம்மா:

ஐயா, லாட்ஜ்ல காலையில காபி கேட்டா ஏழரைக்குத் தருவாங்க. எங்களுக்கு நாலரைக்கு வேணும். அவ்வளவுதான் காரணம்.

பழைய லாரிக்காரன்:

தங்கச்சி, தராசுல நிறுத்தாச்சா?

செங்கோட்டை தபாலம்மா:

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும் அண்ணாச்சி. எல்லாம் செஞ்சுட்டு எழுதலாம்னு இருந்தேன்.

பேட்டரியை முன்னால மாத்தியாச்சு. இவர் முதல்ல ஒத்துக்கல. வயரை நீட்டணும், பின்னால இருக்கிற லைட்டுக்குத் தூரம்னு ரெண்டு நாள் இழுத்தார். மூணாம் நாள் நானே அரிசிக்கடைத் தராசை வாங்கிட்டு வந்து, பழைய மாதிரியே எல்லாத்தையும் ஏத்தச் சொல்லி, மூக்கை இறக்கச் சொன்னேன். தராசு 4 காட்டுச்சு. நீங்க சொன்ன கணக்குக்கு ரெண்டு கிலோதான் வித்தியாசம். இவர் வாயைத் திறக்காம எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார். மாத்தின பிறகு 78. சிமெண்டு தரையில சாக்பீஸால தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.

போன வாரம் மறுபடி புனலூர். புளியரையில சாரல், கண்ணாடி துடைப்பான் நிக்கவே இல்ல. ஆனா உள்ள சத்தம் இல்ல. ஆரியங்காவுல திறந்து பாத்தேன், மேல் அலமாரிக் கதவு மூடினது மூடினபடி. தென்மலைக்கு அப்புறம் அதே நேர் ரோட்டுல லாரி ஒண்ணு முந்துச்சு. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஜீப்பு லேசா அசைஞ்சுச்சு, பெட்டி பின்னாலயே நேரா வந்துச்சு. இவர் அப்பவும் ஒண்ணும் சொல்லல, ஹாரன் மட்டும் ஒரு தடவை அடிச்சார்.

தேடுற பிரச்சினைக்கு நீங்க யாரும் வழி சொல்லல, அதனால நானே கண்டுபிடிச்சேன். சார்ட்டிங்ல கடுதாசியை ஊர் வாரியாப் பிரிச்ச பிறகு பீட் வாரியாப் பிரிப்போம். அதாவது தபால்காரர் எந்தத் தெருவுல முதல்ல நடக்கிறாரோ அந்தத் தெருக் கடுதாசி மேல. நான் வீட்டுல சாமானை வகை வகையாத்தான் வைப்பேன், பருப்பு ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம். வண்டியில அது ஆகலை. காலையில காபி போட மட்டும் அஞ்சு இடத்தைத் திறக்க வேண்டி இருந்துச்சு. இப்போ நேரப்படி பிரிச்சுட்டேன். காபிக்குன்னு ஒரு டப்பா. பொடி, சர்க்கரை, வடிகட்டி, தீப்பெட்டி, ரெண்டு டம்ளர், எல்லாம் அதுக்குள்ள. பால் பாக்கெட் மட்டும் கடையில வாங்குறது. குளியலுக்கு ஒரு பை. ராத்திரிக்கு ஒரு பை, அதுல டார்ச், கொசுவத்தி, இவரோட பிரஷர் மாத்திரை, என் கண்ணாடி. வண்டியை நிறுத்தின உடனே வேணுங்கிறது, அதாவது சக்கரக் கல்லு, மட்டம் பாக்கிற கட்டை, மிதியடி, கதவுக்குப் பக்கத்துலயே. கடைசியா வேணுங்கிறது உள்ளே ஆழத்துல. மாத்துத்துணியை சூட்கேஸ்ல எடுத்துட்டுப் போறதையும் விட்டாச்சு, துணிப்பைதான். காலியானா மடிஞ்சுக்கும், அண்ணாச்சி சொன்ன சந்தையும் அடைக்கும்.

மேடைக்கு அடியில துளை போட ஆள் வரச் சொல்லியிருக்கேன், இன்னும் வரல. அதனால இந்தத் தடவையும் லேசா நாத்தம் இருந்துச்சு, ஆனா பூசணம் இல்ல. துணியெல்லாம் நாத்தனார் வீட்டுத் திண்ணையில காயப் போட்டேன்.

நஷ்டம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு. பாலருவிக்குத் திரும்புற இடத்துல டீ குடிக்க நிறுத்தி, கதவைப் பூட்டாமப் போயிட்டோம். குரங்கு உள்ள ஏறி ஏத்தங்காய் சிப்ஸ் ரெண்டு பாக்கெட்டை எடுத்துட்டுப் போயிருச்சு. மேல் அலமாரி புதுப் பூட்டை அமுக்கித் திறந்திருக்கு. எனக்கு அதைத் திறக்க ரெண்டு நாள் ஆச்சு பழக.

அந்தத் தோசைக்கரண்டி, பேட்டரியைத் தூக்கினப்போ அதுக்கு அடியில கிடந்துச்சு. வளைஞ்சு போயிருக்கு. நிமித்தப் பாத்தேன், முழுசா நிமிரல, ஆனா தோசை திரும்புது.

கொல்லங்கோட்டு அம்மா, ஓணத்துக்கு அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். அந்தச் சமயம் எங்க கடை போட்டிருப்பீங்க?

கொல்லங்கோடு தட்டுக்கடை:

ஓணத்துக்கு எங்கயும் போறதில்லைங்க்கா, வீட்லதான் இருப்போம். வேனைக் கழுவிக் காயப் போடுற நேரம் அது. வாங்க, ரெண்டு வண்டியும் பக்கத்துல நிறுத்திக்கலாம். நாலரைக்குக் காபி நான் போடுறேன்.